நேருணர்வின் நெறியில் ஸ்ரீமத் ராஜசந்திரர்

அறிவை ஐவகையாகப் பகுத்துரைப்பது ஜைன நூல்களின் மரபு. பொறிகளாலும் மனத்தாலும் விளைவது மதிஞானம். சொல்லாலும் நூலாலும் அவற்றின்மேல் எழும் ஆராய்ச்சியாலும் விளைவது சுருதஞானம். இவ்விரண்டையும் பரோட்சம், அதாவது மறைமுக அறிவு, என்று உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. அவதி, மனப்பரியயம், கேவலம் என்னும் மற்ற மூன்றே பிரத்தியட்சம் எனப்படும் நேரறிவு. உலக வழக்கில் கண்ணால் கண்டதே நேரறிவு. ஊகித்து அறிந்ததே மறைமுக அறிவு. நம் ஆசாரியர்களோ கண்ணையும் இடைத்தரகன் என்றே கொண்டார்கள். இடையில் எதுவும் நில்லாமல் ஆன்மா தானே அறிவது எதுவோ, அதற்கு மட்டுமே நேரறிவு என்ற பெயரைக் கொடுத்தார்கள். அட்சம் என்ற சொல்லுக்கு ஆன்மா என்றே அவர்கள் பொருள் உரைத்தனர்.

பாடசாலையில் மனப்பாடம் செய்துவிட்டுப் பெரும்பாலோர் மறந்துபோகும் இந்தப் பாகுபாடு, ஒருவர் வாழ்நாள் முழுவதும் உயிருள்ள வினாவாக நின்றது. அவர் துறவியல்லர்; மடாதிபதியல்லர்; பம்பாய்ச் சந்தையில் முத்தும் வைரமும் விற்ற வணிகர். முப்பத்துமூன்று வயதே வாழ்ந்தவர். ஸ்ரீமத் ராஜசந்திரர் என்று இன்று போற்றப்படும் ராய்சந்த் பாய் அவர்.

சௌராஷ்டிரத்தில் மோர்பி நகருக்கு அண்மையில், கடலை ஒட்டி, வவாணியா என்றொரு சிற்றூர் உண்டு. 1867 நவம்பரில், கார்த்திகைப் பௌர்ணமியன்று, அங்கே ராவ்ஜிபாய் மேத்தாவுக்கும் தேவபாய் அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். முதலில் இட்ட பெயர் லட்சுமிநந்தன். நான்காம் வயதில் அது ராய்சந்த் என்று மாறியது. பாட்டனார் கண்ணனை வழிபடுபவர். தாயார் ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே வீட்டில் இரண்டு வழிபாடுகளும் பிணக்கின்றி நடந்துவந்தன. சிறுவன் பாட்டனாரோடு கீர்த்தனங்களைக் கேட்டான். வைணவத் துறவி ஒருவரின் கையால் கழுத்தில் துளசிமணியும் அணிந்துகொண்டான்.

ஏழாம் வயதில் அந்த ஊரில் ஒரு சாவு நேர்ந்தது. அமீசந்த் என்ற கட்டுடல் வாய்ந்த இளைஞர், சிறுவனிடம் மிகுந்த அன்பு காட்டியவர், பாம்பு தீண்டி இறந்தார். இறந்துபோவது என்றால் என்ன என்று சிறுவன் பாட்டனாரிடம் கேட்டான். குழந்தை அஞ்சுமே என்று அவர் பேச்சை மாற்றி, உணவு உண்ணச் சொன்னார். சிறுவன் விடவில்லை. அவர் உடம்பில் இருந்த உயிர் போய்விட்டது, இனி அவர் பேசமாட்டார், உண்ணமாட்டார், குளக்கரையில் வைத்து எரித்துவிடுவார்கள் என்ற செய்தியை இறுதியில் அவர் சொல்ல வேண்டியதாயிற்று. எவரும் அறியாமல் சிறுவன் குளக்கரைக்குச் சென்றான். அங்கிருந்த கருவேல மரத்தில் ஏறி அமர்ந்து பார்த்தான். நேற்றுவரை தன்னைக் கொஞ்சிய உடம்பை, அவரோடு பழகியவர்களே கூடிநின்று எரித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு அங்கேதான் இருக்கிறது. ஆயின் இவர்கள் எரிப்பது அமீசந்தை அன்று. அப்படியானால் அமீசந்த் என்பவர் யார், எங்கே போனார்? இந்த வினாவின் அழுத்தத்தில் சிறுவனின் உள்ளத்தில் ஒரு திரை விலகியது என்றும், முற்பிறவிகளின் நினைவு எழுந்தது என்றும் அவர் வரலாறு கூறுகிறது. பிற்காலத்தில் ஜுனாகட் கோட்டையைக் கண்டபோது அந்த நினைவு மேலும் தெளிவுற்றதாம்.

இதனை அற்புதமாகக் கொண்டாடுவோர் பலர். ஆனால் ஜைன நூல்கள் இதற்கு அளிக்கும் இடம் அடக்கமானது. பிறவி நினைவாகிய ஜாதிஸ்மரணம் மதிஞானத்தின் ஒரு வகையாகவே எண்ணப்படுகிறது. ஆழ்ந்த தாரணையிலிருந்து மீண்டெழும் நினைவு அது. அவதிஞானமும் அன்று, கேவலத்தின் சாயலும் அன்று. ராஜசந்திரரும் அதனைப் பறைசாற்றித் திரியவில்லை. நினைவில் வந்தவை எவை என்பதைக் காட்டிலும், உடம்பு வேறு, அறிபவன் வேறு என்பது அன்று வாதம் எதுவுமின்றி விளங்கிப்போயிற்றே, அதையே அவர் பெரிதாகக் கொண்டார். பின்னாளில் தம் ஆன்மிக வளர்ச்சியின் படிகளை ஆண்டு குறித்துப் பாடிய ஒரு பாடலில் ஏழாம் வயதின் அந்த ஆண்டையே முதற்படியாக வைத்தார். ஏழு வயதுச் சிறுவனுக்குத் தருக்கம் தெரியாது. அவன் கண்டது விடையை. அந்த விடைக்குரிய வாதத்தை எழுத அவருக்கு இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பள்ளியில் ஏழு வகுப்புப் பாடங்களை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். ஒருமுறை படித்தது மறப்பதில்லை. அவ்வூர் ஜைன அன்பர்களிடமிருந்து கிடைத்த பிரதிக்கிரமண சூத்திரத்தைப் படித்தபோது, எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டும் அதன் பணிவு அவர் நெஞ்சைத் தொட்டது. கழுத்து மணி அறுந்தபோது அவர் அதை மீண்டும் அணிந்துகொள்ளவில்லை. சமய மாற்றம் என்று சொல்லத்தக்க சடங்கோ சச்சரவோ எதுவும் நிகழவில்லை. கரையோரம் நின்றவர் மெல்ல ஆற்றில் இறங்கியது போன்ற மாற்றம் அது. பதின்மூன்றாம் வயதில் தந்தையின் கடையில் அமர்ந்தார். எவருக்கும் விலையைக் கூட்டிச் சொன்னதில்லை, எடையைக் குறைத்ததில்லை என்பதை இருபத்திரண்டாம் வயதில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் தாமே பதிவு செய்திருக்கிறார்.

பதினாறாம் வயதில் அவர் எழுதிய மோட்சமாலை, 108 பாடங்கள் கொண்ட நூல். இளையோருக்கு ஜைன அறத்தை எளிதாகச் சொல்ல எழுந்த அந்நூலை மூன்றே நாட்களில் எழுதினார். எழுதிக்கொண்டிருந்தபோது அறுபத்தேழாம் பாடத்தின்மேல் மை கொட்டிவிட்டது. கெட்டுப்போன பாடத்தைத் திரும்ப எழுத வேண்டிய கட்டாயம். முன்பு எழுதிய உரைநடைக்குப் பதிலாக இப்போது ஒரு பாடல் பிறந்தது. நான் யார், எங்கிருந்து வந்தேன், என் உண்மை வடிவம் யாது என்று கேட்கும் பாடல். மோட்சமாலையில் குஜராத்தி மக்களின் நாவில் மிகுதியாக வழங்கும் பகுதி இன்றும் அதுவே. குளக்கரை மரத்தின்மேல் எழுந்த அதே வினாவை மை கொட்டிய தாள் மீண்டும் வெளியே கொணர்ந்தது.

இனி அவதானம். தமிழ்நாட்டாருக்கு இக்கலை புதியதன்று. அட்டாவதானியரும் தசாவதானியரும் இங்கு இருந்தனர். 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு அவதானங்களை நிகழ்த்திக் காட்டியதை மூத்தோர் சொல்லக் கேட்டவர் பலர். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1887 ஜனவரி 22ஆம் நாள், பம்பாயில் பிராம்ஜி காவஸ்ஜி கழகத்தில் பத்தொன்பது வயது ராய்சந்த் சதாவதானம் செய்தார். பல மொழிச் சொற்களை ஒழுங்கு குலைத்து இடையிடையே சொல்வார்கள், மணியை அடிப்பார்கள், கணக்குகளைக் கொடுப்பார்கள், குறித்த பொருளில் பாட்டுக் கேட்பார்கள். எல்லாவற்றையும் உள்ளத்தில் நிறுத்தி, இறுதியில் ஒன்றும் பிழையாமல் முறைப்படுத்தித் திருப்பிச் சொன்னார். வெவ்வேறு அளவுள்ள பன்னிரண்டு நூல்கள் அளவில் அவருக்குக் காட்டப்பட்டு, அவற்றின் பெயர்களும் சொல்லப்பட்டன. பின்னர்க் கண்ணைக் கட்டிவிட்டார்கள். கையால் தடவியே ஒவ்வொன்றின் பெயரையும் கூறினார். பொற்பதக்கமும் சாட்சாத் சரஸ்வதி என்ற பட்டமும் கிடைத்தன. நாளிதழ்கள் எழுதின. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் சார்லஸ் சார்ஜென்ட் ஐரோப்பா சென்று இத்திறனைக் காட்டுமாறு அழைத்தார்.

ராய்சந்த் போகவில்லை. இருபது வயதளவில் அவதானங்களையே நிறுத்திவிட்டார். விரைவில் கற்றுத் தேர்ந்திருந்த சோதிடத்தையும் கைவிட்டார். நூறு பொருள்களின்மேல் ஒரே நேரத்தில் பரந்து நிற்கும் கவனம், அறிபவனாகிய ஒன்றின்மேல் திரும்புவதற்குத் துணையாவதில்லை; புகழோ அதனை மேலும் வெளியே இழுக்கும். இளம்வயதில் இவ்வளவு கைத்தட்டலைப் பெற்றவர், எவரும் வற்புறுத்தாமல் அதை விட்டு விலகியது, அவதானத்தைக் காட்டிலும் அரிய செயல்.

1888இல் ஜபக்பென் அம்மையாரை மணந்தார். அம்மையாரின் சிற்றப்பா, பின்னாளில் ரங்கூனில் புகழ்பெற்ற மருத்துவர் பிராண்ஜீவன் மேத்தா. அக்குடும்பத்தைச் சேர்ந்த ரேவாசங்கர் ஜகஜீவனோடு கூட்டுச் சேர்ந்து பம்பாயில் மணி வணிகம் தொடங்கினார். காந்தியடிகள் பம்பாயில் தங்கிவந்த மணி பவனம் இந்த ரேவாசங்கருக்கு உரியதே.

மணி வணிகம் நேருணர்வின் இன்னொரு முகத்தைக் காட்டும் தொழில். முத்தைக் கையில் எடுத்தவுடன் தேர்ந்த வணிகன் அதன் தரத்தை அறிந்துவிடுகிறான். உருட்சி, நிறம், ஒளி, நீரோட்டம் என்று அவன் பின்னர் எடுத்துச் சொல்லும் காரணங்கள் யாவும் உண்மையானவையே; ஆயினும் அவற்றைக் கூட்டிக் கழித்து அவன் முடிவுக்கு வரவில்லை. ஆயிரம் முத்துக்களைக் கண்ட கண் ஒரு நொடியில் சொல்லிவிட்டதை அறிவு ஆறுதலாக வரிசைப்படுத்துகிறது. ராய்சந்த் பாய் முத்திலும் வைரத்திலும் தேர்ந்த கண்ணுடையவர் என்பதையும், இலட்சக்கணக்கில் நடந்த வணிகத்தின் சிக்கல் எதுவும் அவரைத் திணறச் செய்ததில்லை என்பதையும் காந்தியடிகள் எழுதியிருக்கிறார். இத்தகைய கண் உடையவனுக்கு எதிரில் இருப்பவனின் அறியாமையும் உடனே தெரிந்துவிடும். வணிகத்தின் சோதனை அங்கேதான் இருக்கிறது. அரபு நாட்டு வணிகர் ஒருவரின் தம்பி, தமையனுக்குத் தெரியாமல் தம் முத்துக்களை இவரிடம் குறைந்த விலைக்கு விற்றுவிட்டார். அண்ணன் கடிந்துகொள்ளவே கலங்கித் திரும்பி வந்தார். வாங்கிய பொட்டலத்தை அவிழ்க்காமல் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் ராய்சந்த். மற்றொரு வணிகர் ஒப்பந்தப்படி வைரம் கொடுத்தால் வீடுவாசல் இழக்க நேரும் அளவுக்கு விலை ஏறிவிட்டபோது, அந்த ஒப்பந்தச் சீட்டைக் கிழித்தெறிந்தார் என்றும் கூறுவர். பாலைப் பருகுவேன், பிறர் குருதியைப் பருகேன் என்ற பொருள்பட அவர் அப்போது பேசியது குஜராத்தில் பழமொழி போல் வழங்குகிறது.

1890ஆம் ஆண்டு இரண்டு வகையில் குறிப்பிடத்தக்கது. தம் படிகளைக் குறித்த பாடலில், தூய நற்காட்சி ஒளிர்ந்த ஆண்டாக விக்ரம ஆண்டு 1947ஐ அவர் வைத்தார். அது 1890இன் பிற்பகுதியில் தொடங்கியது. மும்மணிகளுள் முதலாவதாக நற்காட்சியை நம் முன்னோர் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. நற்காட்சி வாய்த்த பின்னரே அறிவு நல்ஞானம் ஆகிறது. அதுவரை எவ்வளவு கற்றாலும் வெறும் அறிவே. இல்லறத்தில் இருந்தபடி, கடைக் கணக்குகளுக்கு நடுவே, அது தமக்கு வாய்த்ததாக அவர் எழுதினார். கேவலஞானம் பெற்றதாக அவர் சொன்னதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அதே ஆண்டில் சாயலா என்ற ஊரைச் சேர்ந்த சோபாக்பாய் அவரைத் தேடி வந்தார். வயதில் மிகவும் மூத்தவர். அவருடைய தந்தையார் மார்வாடத்துச் சாது ஒருவரிடம் ஆன்ம சாதனை பற்றிய ஓர் அரிய உபதேசம் பெற்று மகனிடம் ஒப்படைத்திருந்தார். தகுதியுடைய ஓர் இளைஞருக்கு அதனைத் தெரிவிக்கலாம் என்று எண்ணிச் சோபாக்பாய் புறப்பட்டு வந்தார். அவர் வாய்திறக்குமுன் ராஜசந்திரர், அருகிலிருந்த பெட்டியில் ஒரு சீட்டு இருப்பதாகக் கூறி அதை எடுத்துப் படிக்கச் சொன்னதாகவும், தாம் கொண்டுவந்த உபதேசமே அதில் எழுதியிருக்கக் கண்டு சோபாக்பாய் திகைத்ததாகவும் அன்பர்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். கொடுக்க வந்தவர் அன்று முதல் மாணவரானார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். இதன் தொடர்ச்சியே சுவையானது. சோபாக்பாய்க்குப் பொருள் நெருக்கடி மிகுந்தது. இவ்வளவு ஆற்றல் உள்ளவர் தமக்கு வழிகாட்டலாகாதா என்று அவர் மனம் ஏங்கியது. அதைக் கடிதங்களில் குறிப்பாகவும் வெளிப்படையாகவும் கேட்டார். தம் உயிரினும் மேலாகக் கருதிய அந்த நண்பருக்கு ராஜசந்திரர் உறுதியாக மறுப்பு எழுதினார். ஆன்மாவை நாடுபவன் சித்திகளை நாடலாகாது. வந்த துன்பம் தன் வினையின் பயன் என்று சமநிலையோடு ஏற்றுக் கழிக்க வேண்டும். இத்தகைய வேண்டுதலை இனி மனத்திலும் கொள்ள வேண்டாம் என்பது அக்கடிதங்களின் சாரம். எழுதிய கைக்கும் அது எளிதாக இருந்திருக்காது. இருவருக்கும் இடையே சென்ற கடிதங்கள் நூற்றுக்கணக்கானவை. நட்பில் ஒரு கீறலும் விழவில்லை.

1891 ஜூலையில் மோகன்தாஸ் காந்தி பாரிஸ்டர் பட்டத்தோடு பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கினார். தாயார் இறந்துபோன செய்தி அவருக்கு அப்போதுதான் தெரிவிக்கப்பட்டது. தங்கியது டாக்டர் மேத்தாவின் இல்லத்தில். அங்கே ராய்சந்த் பாய் அறிமுகமானார். நினைவாற்றலைச் சோதித்துப் பார்க்குமாறு சொல்லக் கேட்டு, இளைஞர் காந்தி தாம் ஐரோப்பிய மொழிகளில் அறிந்த சொற்களையெல்லாம் எழுதிப் படித்தார். ராய்சந்த் அதே வரிசையில் ஒப்பித்தார். காந்திக்கு வியப்புத்தான், ஆனால் மனத்தைக் கவர்ந்தது அதுவன்று. சாத்திரங்களில் ஆழ்ந்த புலமை, மாசற்ற ஒழுக்கம், தன்னை அறிய வேண்டும் என்ற தணியாத வேட்கை ஆகிய மூன்றுமே தம்மை ஈர்த்தவை என்று அவர் குறித்துள்ளார். இலட்சங்கள் புரளும் பேரம் முடிந்த மறுகணமே, மேசைமேல் இருந்த அற நூலோ நாட்குறிப்போ திறக்கப்பட்டுவிடும். எரவாடா சிறையில் இருந்தபோது காந்தியடிகள் எழுதத் தொடங்கிய நினைவுக் குறிப்புகளில் ராய்சந்தின் நடையும் இடம்பெறுகிறது: மெல்லிய நடை, நடக்கும்போதும் ஏதோ எண்ணத்தில் ஆழ்ந்திருக்கிறார் என்பது காண்போருக்குத் தெரியும். உடையில் எளிமை, இலையில் எது வந்தாலும் அதில் நிறைவு.

தென்னாப்பிரிக்காவில் கிறித்தவ நண்பர்களும் இசுலாமிய நண்பர்களும் தத்தம் நெறியை எடுத்துக்கூற, காந்தியின் உள்ளம் அலைபாய்ந்தது. இருபத்தேழு கேள்விகளை எழுதி ராய்சந்துக்கு அனுப்பினார். ஆன்மா என்பது யாது, கடவுள் யார், வீடுபேறு என்றால் என்ன என்று தொடங்கும் வரிசை. 1894 அக்டோபரில் விரிவான மறுமொழி சென்றது. கடைசிக் கேள்வி பாம்பைப் பற்றியது: பாம்பு கடிக்க வருகிறது, அதைக் கொல்வதன்றி வேறு வழியில்லை என்றால், கடிக்க விடுவதா, கொல்வதா? விட்டுவிடு என்று பிறருக்குச் சொல்லவும் ராஜசந்திரர் தயங்கினார். உடம்பு நிலையற்றது என்று மெய்யாகவே உணர்ந்தவனுக்கு, அந்த உடம்பைக் காப்பதற்காக இன்னோர் உயிரைக் கொல்வது எங்ஙனம் தகும் என்று கேட்டார். உணராதவன் என்ன செய்வான் என்பது அவனவன் நிலையைப் பொறுத்தது. அதற்காகக் கொல் என்று அறிவுரை கூறத் தம்மால் இயலாது என்றும் எழுதினார். நூலறிவு எழுதிய விடையாக இதைக் கொள்ள இயலாது. ஏழு வயதில் பாம்பு தீண்டிய ஒருவரின் சிதையைக் கண்டவர் அந்த விடையை எழுதினார்.

காந்தியடிகள் அவரைக் குருவின் இருக்கையில் அமர்த்தவில்லை. அந்த இருக்கை தம் வாழ்வில் வெறுமையாகவே இருந்தது என்று ஒளிவின்றிச் சொன்னார். ஆனால் ஆன்மிக நெருக்கடிகளில் தமக்குப் புகலிடமாக இருந்தவர் ராய்சந்த் பாய் என்றும், தம் வாழ்வில் ஆழப் பதிந்த மூவருள் டால்ஸ்டாயும் ரஸ்கினும் நூல்களின் வழியே வந்தவர்கள், ராய்சந்த் ஒருவரே நேரில் பழகித் தம்மை மாற்றியவர் என்றும் எழுதிவைத்தார்.

ஏழு வயதில் தொடங்கிய கதை அதன் உச்சத்தை எட்டியது 1896இல். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு ஆறு மெய்ம்மைகளை உரைநடைக் கடிதமாக ராஜசந்திரர் எழுதியிருந்தார். ஆன்மா உண்டு, அது அழிவற்றது, தன் வினைக்குத் தானே கருத்தா, அதன் பயனைத் துய்ப்பதும் தானே, வீடுபேறு உண்டு, அதற்கு வழியும் உண்டு. சோபாக்பாய் இக்கடிதத்தை நாள்தோறும் ஓத விரும்பினார். முதுமை, உரைநடை மனத்தில் நிற்கவில்லை. பாட்டாக இருந்தால் நினைவில் நிற்குமே என்று வேண்டிக்கொண்டார். நூறு பொருள்களை ஒருங்கே நினைவில் நிறுத்திப் பம்பாயை வியக்கவைத்தவரிடம், ஒரு கடிதத்தைக்கூட நினைவில் வைக்க முடியாத ஒரு முதியவர் கேட்ட உதவி அது.

அப்போது ராஜசந்திரர் நடியாத் நகரில் தங்கியிருந்தார். சரத் பௌர்ணமிக்கு மறுநாள். மாலையில் உலவிவிட்டு வந்தவர், உடனிருந்த அன்பர் அம்பாலாலிடம் லாந்தர் விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். அமர்ந்து எழுதத் தொடங்கினார். அம்பாலால் விளக்கைப் பிடித்தபடி நின்றார். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 142 பாடல்கள் முடிந்திருந்தன. ஆத்மசித்தி சாஸ்திரம் பிறந்த வரலாறு இவ்வளவே.

வேகத்தைக் கண்டு வியப்பவர்கள் நூலின் அமைப்பையும் பார்க்க வேண்டும். உணர்ச்சிப் பெருக்கில் பொங்கிய துதிப்பாடல் அன்று அது. மாணவன் ஐயங்களை எழுப்புகிறான். குரு ஒவ்வொன்றாக விடை கூறுகிறார். ஆன்மா கண்ணுக்குத் தெரியவில்லையே, குடமும் துணியும் போல் அறியக் கிடைக்கவில்லையே என்று மாணவன் வாதிடுகிறான். ஐயுறுபவன் எவனோ அவனே அது, தன்னையே இல்லையோ என்று ஐயுறுவது எவ்வளவு பெரிய விந்தை என்ற முறையில் விடை வருகிறது. உறையும் வாளும் ஒன்றாகத் தோன்றினும் வேறுவேறு என்ற உவமை வருகிறது. ஆறு மெய்ம்மைகளும் படிப்படியாக, நியாய நூலார் குறைகூற முடியாத ஒழுங்கில், நிறுவப்படுகின்றன. சடங்குகளில் மட்டும் உறைந்துபோனவர்களையும், அனுபவமின்றி ஞானத்தை வாயால் மட்டும் பேசும் வறட்டு அறிவினரையும் நூலின் தொடக்கத்திலேயே ஒருசேரக் கண்டு இரங்குகிறார். தருக்கத்தால் தாம் அடையாத ஒன்றைப் பிறருக்குத் தருக்கத்தால் எடுத்துரைத்தார். கருவேல மரத்தின்மேல் ஒரு கணத்தில் கிடைத்ததை, அந்தக் கணம் வாய்க்காதவர்களும் ஒவ்வொரு படியாக ஏறிவந்து காணும்படி செய்த ஏணி ஆத்மசித்தி. வெறும் தருக்கம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் இதை எழுதியிருக்காது. வெறும் உள்ளுணர்வு இதற்கு இவ்வளவு கட்டுக்கோப்பைத் தந்திருக்காது.

நான்கு படிகள் எழுதப்பட்டன. ஒன்று சோபாக்பாய்க்கு, ஒன்று விளக்கேந்திய அம்பாலாலுக்கு, ஒன்று லல்லுஜி முனிவருக்கு, ஒன்று ஜவேரி மாணெக்லாலுக்கு. லல்லுஜி துறவு பூண்ட முனிவர். இல்லறத்தார் ஒருவரை அவர் வணங்கியது அவர் சங்கத்தில் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. ராஜசந்திரர் தம்மைக் குருவாக வெளிப்படுத்திக்கொள்ள விரும்பாதவர்; துறவுக்கோலம் இல்லாதவன் நெறி காட்டப் புகுந்தால் மக்கள் குழம்புவார்கள் என்ற அச்சம் அவருக்கே இருந்தது. எதிர்த்தவர்களின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருப்பார். முற்றத் துறந்து நிற்கும் அந்த முன்னில்லாப் பொழுது எப்போது வாய்க்கும் என்ற ஏக்கத்தைப் பாடும் அபூர்வ அவசர் என்ற அவருடைய 21 பாடல்கள் ஆசிரம பஜனாவளியில் காந்தியடிகளால் சேர்க்கப்பட்டன.

சோபாக்பாய் 1897இல் காலமானார். ஆத்மசித்தி அவர் கையில் ஓராண்டும் முழுதாக இருக்கவில்லை. இறுதி நாட்களில் ஆன்ம உணர்வு தெளிந்து அமைதியாக உடல் நீத்தார் என்பது அன்பர்கள் வழக்கு.

அதன்பின் ராஜசந்திரர் தனிமையை மிகுதியும் நாடினார். ஈடர் மலைக்காடுகளில் லல்லுஜி உள்ளிட்ட ஏழு முனிவர்களுக்கு நேமிசந்திர ஆசாரியரின் திரவிய சங்கிரகத்தை ஓதிப் பொருள் கூறினார். குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தார். வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் தவமிருந்தவராக நாம் போற்றும் ஆசாரியரின் சொல், மேற்குக் கடலோரத்து சுவேதாம்பர அன்பர்களின் வீடுகளுக்குள் இவ்வாறு நுழைந்தது. இரு பிரிவினரின் பழைய நூல்களையும் அச்சேற்றப் பரமசுருத பிரபாவக மண்டலத்தை 1900இல் நிறுவச் செய்தார். அதன் நூல்வரிசையில் பின்னாளில் பேராசிரியர் ஆ. நே. உபாத்யேயின் பிரவசனசாரப் பதிப்பு வெளிவந்ததைக் கற்றோர் அறிவர்.

வணிகத்திலிருந்து விலகியாயிற்று. துறவுக்கு உடம்பு இடங்கொடுக்கவில்லை. எலும்பும் தோலுமாக, பதுமாசனத்தில் ஒன்றும் நின்ற நிலையில் ஒன்றுமாக, வத்வாணில் எடுக்கப்பட்ட படங்கள் பலருக்கும் தெரிந்தவை. மருந்துக்கும் காற்று மாற்றத்துக்குமாக ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டு இறுதியில் ராஜ்கோட் வந்தார். ஒரு காலத்தில் நூறு பொருள்களை நினைவில் ஏந்திய மனம், அன்பர்களிடம் அதிகம் பேசவும் விரும்பவில்லை. மறைவுக்குச் சில நாட்கள் முன்பு ஒரு சிறு பாடலை மட்டும் சொல்லி எழுதச் செய்தார்.

1901ஆம் ஆண்டு மகாவீரர் ஜயந்தி கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. தாம் ஆன்ம சொரூபத்தில் ஒடுங்கப்போவதாகத் தம்பியிடம் கூறி, தாயாரைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார். பிற்பகலில் மூச்சு நின்றது. ஆஜி நதிக்கரையில் அவருடைய உடலுக்கு எரியூட்டினார்கள்.